புரொபேஷன், 15,000 ரூபாய் வரம்பு: கம்பெனி பங்கு பி.எஃப். யாருக்குக் கட்டாயம்?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் ஏறக்குறைய 60 பேர் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில் சேர்ந்து உங்களுக்கு எட்டு மாதம் ஆகிறது. மாதச் சம்பளம் 24,000 ரூபாய். அதில் பேசிக் 11,000, வீட்டு வாடகைப்படி 5,000, "ஸ்பெஷல் அலவன்ஸ்" 8,000. இதுவரை பி.எஃப். பிடிக்கவில்லை. கேட்டதற்கு எச்.ஆர். இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார். ஒன்று, புரொபேஷன் முடிந்து கன்ஃபர்ம் ஆன பிறகுதான் பி.எஃப். இரண்டு, 15,000-க்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்குக் கம்பெனி பங்கு கட்டும் கடமை நிர்வாகத்துக்கு இல்லை. இதைக் கேட்டுவிட்டு, "முந்தைய கம்பெனியில் நாலு வருஷம் பி.எஃப். பிடித்தார்கள், அந்தப் பணம் அப்படியே இருக்கிறது" என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி வரிதான். நீங்கள் சொன்ன விவரங்கள் சரியாக இருந்தால், கம்பெனி பங்கு உங்களுக்கு உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு.

புரொபேஷன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு காலத்தில் பி.எஃப். உறுப்பினராவதற்குக் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 1990 நவம்பர் 1 முதல் அது கிடையாது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 26ஆம் பத்திப்படி, விலக்குப் பட்டியலில் வராத ஒவ்வொரு ஊழியரும் சேர்ந்த நாளிலிருந்தே உறுப்பினர். புரொபேஷன், தற்காலிகம், தினக்கூலி, பகுதிநேரம், ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர் என்ற பாகுபாடு அங்கே இல்லை. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவருக்கு ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால், வேலை வாங்கும் முதன்மை நிறுவனம் கட்ட வேண்டும். பிறகு அந்தத் தொகையை ஒப்பந்ததாரரின் பில்லில் கழித்துக்கொள்வது அவர்களுக்குள் உள்ள கணக்கு. "கன்ஃபர்ம் ஆன பிறகு" என்பது 1990-க்கு முந்தைய பழக்கத்தின் மிச்சம். இன்னும் பல அலுவலகங்களில் அது உயிரோடிருக்கிறது.

அடுத்து, நிறுவனம் சட்டத்துக்குள் வருகிறதா என்பது. 20 பேர் இருந்தால் வரும். இந்த 20-ல் ஒப்பந்தத் தொழிலாளர்களும் தற்காலிகக்காரர்களும் அடக்கம். ஒரே நிறுவனத்தின் கிளைகளைத் தனித்தனியாக எண்ணக் கூடாது, எல்லாம் சேர்த்து ஒன்றுதான். ஒருமுறை சட்டத்துக்குள் வந்துவிட்டால் பிறகு ஆள் எண்ணிக்கை 20-க்குக் கீழே போனாலும் வெளியே போக முடியாது. ஒரே கட்டடத்தில், ஒரே முதலாளி, மூன்று கம்பெனி பெயரில் 18, 19, 17 என்று ஆட்களைப் பிரித்து வைத்திருப்பதும் உண்டு. அப்போது கணக்கு, நிர்வாகம், ஆட்களை மாற்றி மாற்றி வேலை வாங்குவது, பணப் புழக்கம் இவற்றைப் பார்த்து மூன்றும் ஒன்றா என்று பி.எஃப். அதிகாரி முடிவு செய்வார். அதில் தீர்ப்பு எந்தப் பக்கமும் போகலாம். உங்கள் நிறுவனத்தில் 60 பேர் என்பதால் இந்தத் தலைவலி உங்களுக்கு இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி 15,000 வரம்பு. எச்.ஆர். சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது குழப்புகிறது. ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் மாதம் 15,000 ரூபாய். அதற்கு முன் 6,500 ஆக இருந்தது. திட்டத்தின் 2(எஃப்) பத்தி சிலரை "விலக்கப்பட்ட ஊழியர்" என்கிறது. பி.எஃப்.புக்குப் புதிதாக வரும் வேளையில் ஊதியம் 15,000-க்கு மேல் இருப்பவர், சட்டப்படியான அப்ரன்டிஸ், ஓய்வு பெற்றோ நிரந்தரமாக வெளிநாடு போயோ முழுத் தொகையையும் எடுத்துவிட்டவர் ஆகியோர் அதில் வருகிறார்கள். இதில் "புதிதாக வரும் வேளையில்" என்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வரம்பு வாசலில் மட்டும்தான் நிற்கிறது. உள்ளே வந்த பிறகு சம்பளம் 15,000-ஐத் தாண்டினால் யாரும் வெளியே அனுப்ப முடியாது. 26ஏ பத்திப்படி உறுப்பினர் தொடர்ந்து உறுப்பினரே, கட்டாயப் பங்களிப்பு மட்டும் 15,000 ரூபாய் ஊதியத்துக்கு உரிய அளவோடு நின்றுகொள்ளும்.

கம்பெனி மாறினால்? உறுப்பினர் என்ற நிலை ஒட்டியிருப்பது ஆளோடு, கம்பெனியோடு அல்ல. பழைய கணக்கில் பணம் இருக்கும்வரை நீங்கள் உறுப்பினர். அதனால் புதிய இடத்தில் 24,000 என்ன, 2,40,000 வாங்கினாலும் குறைந்தது 15,000 ரூபாய்க்குரிய பங்கை நீங்களும் கட்ட வேண்டும், நிர்வாகமும் கட்ட வேண்டும். "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கும் உரிமைகூட உங்களுக்கு இல்லை. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு, இதுவரை எங்குமே பி.எஃப். இல்லாமல் 15,000-க்கு மேல் ஊதியத்தில் முதன்முதலாகச் சேர்கிறவருக்குத்தான். வேலை விட்ட பிறகு முழுப் பணத்தையும் எடுத்துக் கணக்கை முடித்தவரும் மறுபடி வாசலில் நின்று புதிதாகத்தான் வர வேண்டும். வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் எடுத்ததால் மட்டும் உறுப்பினர் நிலை போய்விடாது.

இப்போது ஸ்பெஷல் அலவன்ஸுக்கு வருகிறேன். தொகை வித்தியாசப்படுவது இங்கேதான். பி.எஃப். கணக்கிடும் ஊதியம் என்பது பேசிக், பஞ்சப்படி, தக்கவைப்புப் படி (வேலை இல்லாத பருவத்திலும் ஆளை விடாமல் வைத்துக்கொள்ளக் கொடுப்பது) ஆகியவை. வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம், போனஸ், கமிஷன் இதில் சேராது. எல்லாருக்கும் எப்போதும் கொடுக்கும் ஒரு தொகைக்கு வேறு பெயர் வைத்தால் அதைக் கழித்துவிடலாமா என்ற கேள்விக்கு 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. எல்லா ஊழியருக்கும் பொதுவாக, வழக்கமாகக் கிடைக்கும் படி பேசிக்கின் வேறு வேடம்தான். கூடுதல் உற்பத்திக்கோ கூடுதல் உழைப்புக்கோ கொடுத்தது, அல்லது சிலருக்கு மட்டும் கிடைப்பது என்று நிர்வாகம் காட்டினால்தான் அதைக் கழிக்கலாம். பழைய பி.எஃப். சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதே பக்கம்தான் போகிறது. ஊதியம் என்றால் எல்லாப் படியும் அடங்கும், பட்டியலிட்ட சில மட்டும் கழியும், அந்தக் கழிவும் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதி திரும்ப ஊதியத்தில் சேரும். உங்கள் கணக்கில் கழிவது 5,000 மட்டும். 24,000-ல் பாதி 12,000, அதை எட்டவே இல்லை. ஆக ஊதியம் 19,000.

கவனியுங்கள், நிர்வாகங்கள் இங்கே கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நிற்கின்றன. ஆளைச் சேர்க்காமல் இருக்க "உன் சம்பளம் 15,000-ஐத் தாண்டியது" என்கிறார்கள். அப்படியானால் ஸ்பெஷல் அலவன்ஸ் ஊதியத்தில் சேர்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு என்றைக்காவது சேர்த்தால் "பி.எஃப். உன் பேசிக் 11,000-க்குத்தான்" என்கிறார்கள். ஸ்பெஷல் அலவன்ஸ் சேராது என்றால் ஊதியம் 11,000. அந்த ஊதியத்தில் வருகிறவர் இதுவரை பி.எஃப். பார்த்தே இராத புது ஆளாக இருந்தாலும் கட்டாயம் சேர்க்கப்பட வேண்டியவர். இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும். மொத்தச் சம்பளமான 24,000-ஐ 15,000-த்தோடு ஒப்பிடுவது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது, ஏனென்றால் அதில் வீட்டு வாடகைப்படியும் இருக்கிறது.

தொகையைப் பார்ப்போம். 15,000 ஊதியத்துக்கு 12 சதவீதம் 1,800 ரூபாய் உங்கள் பங்கு, அதே 1,800 கம்பெனி பங்கு. கம்பெனி பங்கில் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மிச்சம் 550 மட்டும் உங்கள் பி.எஃப். கணக்கில் ஏறும். பாஸ்புக்கைத் திறந்து "கம்பெனி 550-தான் கட்டியிருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று பதறுகிறவர்கள் பக்கத்தில் உள்ள ஓய்வூதியப் பத்தியையும் பார்க்க வேண்டும். இவை போக, இ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டுக்கு 75 ரூபாயும் நிர்வாகக் கட்டணமாக 75 ரூபாயும் நிர்வாகத்தின் தனிச் செலவு. அவர்கள் 11,000-க்கு மட்டும் கட்டினால் இரு பக்கமும் 1,320 ஆகும், கம்பெனி பங்கு 916 ஓய்வூதியத்துக்கும் 404 பி.எஃப்.புக்கும் பிரியும். அதாவது மாதம் 480 ரூபாய் கம்பெனி பங்கில் குறையும். 20 பேருக்குக் குறைவான சில நிறுவனங்களுக்கும், பீடி, செங்கல், கயிறு, சணல் போன்ற சில தொழில்களுக்கும் 12-க்குப் பதில் 10 சதவீதம்தான். அது உங்களுக்குப் பொருந்தாது.

ஓய்வூதியப் பங்குக்குத் தனித் தகுதி விதி உண்டு, அதில்தான் அலுவலகங்கள் அதிகம் தவறுகின்றன. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாக பி.எஃப்.பில் சேர்ந்து, சேரும்போதே ஊதியம் 15,000-க்கு மேல் இருந்தால் அவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. அவருக்குக் கம்பெனி பங்கு 1,800-ம் முழுதாக பி.எஃப்.பில் ஏற வேண்டும். 58 வயதைக் கடந்து வேலையில் இருப்பவருக்கும் அப்படித்தான். எனவே உங்கள் பழைய பாஸ்புக்கில் முதல் மாதத்தைப் பாருங்கள். அங்கே ஊதியம் 15,000 அல்லது அதற்குக் கீழே, ஓய்வூதியப் பத்தியில் பணமும் ஏறியிருக்கிறது என்றால் நீங்கள் ஓய்வூதிய உறுப்பினர். ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடாதவரை புதிய இடத்திலும் 1,250 தொடர வேண்டும். பழைய இடத்தில் ஓய்வூதியப் பத்தி பூஜ்ஜியம் என்றால் இங்கேயும் பூஜ்ஜியம். புது எச்.ஆர். யோசிக்காமல் எல்லாருக்கும் 1,250 போட்டுவிட்டால், பத்து வருடம் கழித்து ஓய்வூதியம் கேட்கும்போதோ கணக்கை மாற்றும்போதோ "தகுதி இல்லை" என்று மனு திரும்பிவரும். அதைத் திருத்த நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும். அந்தக் கம்பெனி அதற்குள் மூடியிருந்தால் அலைச்சல்தான். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும் என்பதால், உங்கள் பழைய நாலு வருடத்தோடு இந்த எட்டு மாதத்தையும் தொடர்ச்சியாக வைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது.

இதுவரை சொன்னது விதி தெளிவாக உள்ள பகுதி. வாதத்துக்கு இடமுள்ளவையும் சில உண்டு. கம்பெனி பங்கை சி.டி.சி.யில், அதாவது ஒரு ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவில், சேர்த்துக் காட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நிர்வாகத்தின் பங்கை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று 31ஆம் பத்தி தடுக்கிறது, பி.எஃப். பொறுப்பைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று பழைய சட்டத்தின் 12ஆம் பிரிவும் சொன்னது. ஆனால் வேலைக்குச் சேரும்போதே "மொத்தச் செலவு 25,800, அதில் கம்பெனி பங்கு 1,800" என்று ஆஃபர் லெட்டரில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அதைச் சட்டமீறல் என்று நிறுவுவது கடினம். நாட்டில் பாதிச் சம்பளக் கட்டமைப்பு இப்படித்தான் இருக்கிறது. உங்களுக்கு மாதச் சம்பளம் 24,000 என்று கடிதம் கொடுத்துவிட்டு, இனி பி.எஃப். தொடங்குகிறோம் என்று அதில் 3,600 பிடித்தால் கதை வேறு. அதில் 1,800 பிடிக்கலாம், மற்ற 1,800 பிடிக்கக் கூடாது.

"டிரெய்னி" என்ற பெயரும் அப்படித்தான். அப்ரன்டிஸ் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் பதிவாகியிருந்தாலோ, நிலையாணைகளின்படி (நிறுவனத்தின் சான்று பெற்ற வேலை விதிகள்) பயிற்சியாளராக எடுத்திருந்தாலோ பி.எஃப். கிடையாது. நிலையாணைப் பயிற்சியாளர் விலக்கில் வருவார் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பாக்கு விற்பனைக் கூட்டுறவு நிறுவனத்தின் வழக்கில் சொல்லியிருக்கிறது. பயிற்சித் திட்டமே இல்லாமல், மற்றவர் செய்யும் அதே வேலையைச் செய்துகொண்டு, கடிதத்தில் மட்டும் டிரெய்னி என்று இருந்தால் அந்தப் பெயர் நிற்காது என்பது என் கணிப்பு. ஆனால் அது ஆவணங்களைப் பொறுத்தது, ஆளுக்கு ஆள் மாறும். அதேபோல், 15,000-க்கு மேல் முழு 19,000-க்கும் கம்பெனி 12 சதவீதம் கட்ட வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்த முடியாது. 26(6) பத்திப்படி இருவரும் சேர்ந்து கேட்டால்தான் உண்டு. நீங்கள் தனியாகக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம், அதற்கு இணையாகக் கட்டும் கடமை நிர்வாகத்துக்கு இல்லை.

போன எட்டு மாதம் என்ன ஆகும்? இது பலருக்குத் தெரியாத இடம். ஊழியர் பங்கை அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். அப்போது பிடிக்காமல் விட்டதைப் பின்னால் சேர்த்துப் பிடிக்க 32ஆம் பத்தி அனுமதிப்பதில்லை. தற்செயலான பிழை, எழுத்தர் பிழை என்றால் மட்டும் பி.எஃப். ஆய்வாளரின் எழுத்துச் சம்மதத்தோடு பிடிக்கலாம். "புரொபேஷனில் பி.எஃப். கிடையாது" என்று கொள்கையாகவே வைத்திருந்ததை எழுத்தர் பிழை என்று சொல்ல முடியாது. ஆகவே எட்டு மாத நிலுவை 28,800 ரூபாயில் உங்கள் பங்கான 14,400-ம் நிர்வாகத்தின் தலையில்தான் விழும். அதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், 2024 ஜூன் 14-க்குப் பிறகான தாமதத்துக்கு மாதம் 1 சதவீத அபராதமும் உண்டு. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட நிர்வாகம் பெரும்பாலும் சண்டைக்கு நிற்காது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொண்டு அரசின் உமங் செயலியிலோ பி.எஃப். பாஸ்புக் தளத்திலோ பாருங்கள், புதிய கம்பெனி பெயரில் உறுப்பினர் எண் ஏதும் இருக்கிறதா என்று. பிறகு சேரும்போது நீங்கள் நிரப்பிய படிவம் 11-இன் நகலைக் கேளுங்கள். அதில் "முன்பு பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா" என்ற இடத்தில் எச்.ஆர். சொன்னார் என்பதற்காக "இல்லை" என்று டிக் அடித்திருந்தால் உங்கள் வழக்கில் ஓட்டை விழும், ஏனென்றால் நிர்வாகம் "எங்களிடம் சொல்லவில்லை" என்று தப்பிக்கப் பார்க்கும். அப்படி இருந்தால் திருத்திய படிவத்தை யு.ஏ.என். எண்ணோடு இன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மூன்றாவது, பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத் தேடல் பக்கம் இருக்கிறது. பெயரைப் போட்டால் குறியீட்டு எண் வரும், கோயம்புத்தூர் என்றால் அது சி.பி.சி.பி.இ. என்று தொடங்கும். பணம் கட்டிய விவரத்தைத் திறந்தால் எந்த மாதம், எந்தத் தேதியில், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று தெரியும். 60 பேர் வேலை செய்யும் இடத்தில் 22 பேருக்கு மட்டும் கட்டியிருந்தால், விடுபட்டவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல.

அதன் பிறகு எச்.ஆர்.-க்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல். யு.ஏ.என்., சேர்ந்த தேதி, பழைய கணக்கு முடிக்கப்படவில்லை என்பது, 26, 26ஏ பத்திகள், சேர்ந்த நாளிலிருந்து சேர்க்கக் கோருகிறேன் என்ற ஒரு வரி, அவ்வளவு போதும். சட்டம் பேசி மிரட்ட வேண்டாம், பதில் எழுத்தில் வருவதுதான் உங்களுக்குத் தேவை. பதினைந்து நாளில் அசைவில்லை என்றால் இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ். என்ற பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் பதியலாம். அல்லது ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். அலுவலகம் நடத்தும் "நிதி ஆப்கே நிகட்" குறைதீர் முகாமுக்கு நேரில் போகலாம். நியமனக் கடிதம், எட்டு மாத பே ஸ்லிப், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு அறிக்கை, அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும். பே ஸ்லிப் தராத இடமென்றால் வங்கி அறிக்கையும் வருகைப் பதிவின் படமும் அந்த வேலையைச் செய்யும். புகார் போனால் உங்கள் பெயர் நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். விடுபட்டவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவது பாதுகாப்பு. புதிய சட்டத்தொகுப்பில் பழைய நிலுவைக்கு விசாரணை தொடங்க 5 ஆண்டு என்ற காலவரம்பு வந்துவிட்டது. வருடக்கணக்கில் ஒத்திப்போட முன்பிருந்த வசதி இனி இல்லை.

நியமனக் கடிதத்தைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல முடியாதவை இரண்டு: அதில் "அப்ரன்டிஸ்" என்ற சொல் எங்காவது இருக்கிறதா, ஸ்பெஷல் அலவன்ஸ் உங்களைப் போன்ற எல்லாருக்கும் கிடைக்கிறதா. முதலாவது இல்லை, இரண்டாவது ஆம் என்றால் மேலே சொன்னதில் எதுவும் மாறாது. நிர்வாகம் சம்மதித்துவிட்டால், சேர்க்கும் தேதி நீங்கள் வேலையில் சேர்ந்த தேதியாக இருக்கிறதா, இந்த மாதத் தேதி போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பழைய யு.ஏ.என்.-இலேயே சேர்த்தார்களா என்பதையும் பாருங்கள். பிறகு நாமினி விவரத்தை நிரப்பிவிடுங்கள். வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் இ.டி.எல்.ஐ. மூலம் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். எட்டு மாதமாக உங்களுக்குக் கட்டாமல் விட்ட பணத்தில் மாதம் 75 ரூபாய் அதற்கானது. ஒவ்வொரு மாதப் பங்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். 20ஆம் தேதி வாக்கில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள், அது வந்திருக்கிறதா என்று.